சிறியவன் என்னும் பட்டம்

அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த ஏதேனும் ஒரு பங்கின் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளைப் படித்துப் பாருங்கள். வாசலில் நின்று வருவோரை வரவேற்பது ஒரு மினிஸ்ட்ரி. பலிபீடத்துக்குப் பூ அடுக்குவது ஒரு மினிஸ்ட்ரி. நோயில் கிடப்பவர் வீட்டுக்குச் சமைத்து எடுத்துப் போவதும், சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதும், ஆராதனை முடிந்தபின் காபி கலந்து நீட்டுவதும், பாடகர் குழுவின் அங்கிகளைத் துவைத்து மடிப்பதும் அப்படியே மினிஸ்ட்ரிதான். இவற்றில் ஒன்றுக்கும் கூலி கிடையாது. விருப்பமுள்ளவர் பெயர் கொடுக்கிறார், முறை வைத்துச் செய்கிறார். நம் காதிலோ மினிஸ்டர் என்னும் சொல் விழுந்தவுடன் கோட்டையும் கோப்பும் கொடி கட்டிய காரும் நினைவுக்கு வருகின்றன. காபிக் கோப்பைக்கும் கோட்டைக்கும் ஒரே பெயர் எப்படி வாய்த்தது என்று கேட்கத் தொடங்கினால், ஏறியும் இறங்கியும் ஈராயிரம் ஆண்டுகளாக நடந்து வந்திருக்கும் ஒரு சொல்லின் வரலாறு விரிகிறது.

இலத்தீனில் மினுஸ் என்றால் குறைவு, மாகிஸ் என்றால் மிகுதி. இவ்விரண்டோடும் தெர் என்னும் ஈறு சேர்கிறது. இரண்டை ஒப்பிட்டு இது ஒன்று, அது மற்றொன்று என்று பிரித்துக் காட்டும் ஈறு அது, வலத்தைக் குறிக்கும் தெக்ஸ்தெரிலும் இடத்தைக் குறிக்கும் சினிஸ்தெரிலும் இருப்பது அதுவே. ஆக, மாகிஸ்தெர் என்பவர் இருவரில் பெரியவர், மினிஸ்தெர் என்பவர் இருவரில் சிறியவர். ஒருவர் ஏவ, மற்றவர் செய்வார். பெரியவரைக் குறித்த சொல் கடல் கடந்து நம்மிடமும் வந்திருக்கிறது. போர்த்துகீசியர் நாவில் மெஸ்த்ரெ என்று குறுகி, தமிழில் மேஸ்திரி என்று நிலைத்தது அச்சொல்லே. பள்ளிக்கூடத்து மாஸ்டரும் நீதிமன்றத்து மாஜிஸ்டிரேட்டும் அதன் வேறு கிளைகள். வேரைக் கொண்டு பார்த்தால், சாரத்தின் மேல் நின்று சித்தாளை வேலை வாங்கும் மேஸ்திரி பெரியவர், கோட்டையில் அமர்ந்திருக்கும் மினிஸ்டர் சிறியவர். சொற்களின் நினைவாற்றல் நம்முடையதைவிட நீளமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மினுஸின் மற்றப் பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். உணவகத்தில் நீட்டப்படும் மெனு, விவரங்களைச் சிறுசிறிதாக எழுதிய பட்டியல் என்பதால் அப்பெயர் பெற்றது. ஒரு மணியைச் சிறுகூறாக்கியது மினிட். மைனர் என்னும் சொல்லைத் தமிழ்நாடு தனக்கே உரிய முறையில் வளர்த்தது: வயது நிரம்பாத ஜமீன் வாரிசைக் குறித்து, பின்னர் அப்படிப்பட்டவரின் ஊதாரித்தனத்தைக் குறித்து, கடைசியில் கழுத்துச் சங்கிலி ஒன்றுக்கே அது பெயராகிவிட்டது.

கிறித்தவத் திருச்சபைக்குள் மினிஸ்தெர் நுழைந்தது மொழிபெயர்ப்பு வழியாக. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தியாகோனோஸ் என்றொரு சொல் உண்டு; பந்தியில் பரிமாறுபவன், ஏவலுக்கு ஓடுபவன் என்பது அதன் நடைமுறைப் பொருள். தியா என்பது ஊடாக, கோனிஸ் என்பது புழுதி, ஆகவே புழுதி பறக்க ஓடி உழைப்பவன் என்று பழைய உரைகாரர்கள் பிரித்தார்கள். அழகான பிரிப்புதான், ஆனால் ஒலி ஒத்துவரவில்லை: முன்னொட்டில் குறிலாக இருக்கும் உயிர் இச்சொல்லில் நெடிலாக ஒலித்திருக்கிறது. குறில் நெடில் பார்த்துச் சொல்லைக் கொள்ளவும் தள்ளவும் பழகிய நமக்கு அந்த மறுப்பின் வலிமை உடனே விளங்கும். விரைதல் என்னும் பொருளுடைய வினையோடு அதை உறவாக்குவதே இன்றைய ஆய்வாளர்களுக்கு ஏற்புடையதாக இருக்கிறது. புழுதி போனாலும் ஓட்டம் போகவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் இச்சொல் நிற்கும் இடம் நுட்பமானது. எருசலேமின் முதல் சபையில், கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை வைக்கப்படுகிறது என்று முறையீடு எழ, அதைக் கவனிக்க எழுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தி பரிமாறுவதற்கும் இறைவாக்கை எடுத்துரைப்பதற்கும் அங்கே மூலநூல் பயன்படுத்துவது ஒரே சொற்குடும்பந்தான். சோறும் சொல்லும் இரண்டும் பரிமாறப்படுகின்றன. ஒன்று மேல், ஒன்று கீழ் என்னும் பாகுபாடு அச்சொல்லுக்குள் இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் இலத்தீன் விவிலியத்தைச் செப்பம் செய்தபோது, தியாகோனோஸ் வந்த பல இடங்களில் மினிஸ்தெர் அமர்ந்தது. பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடை செய்பவனாக இருக்கட்டும் என்னும் மத்தேயு நற்செய்தியின் கருத்து, இலத்தீனில் பெரியவன் சிறியவன் என்னும் வேர்ப்பொருளோடும் பொருந்திப்போனது மொழி தந்த கொடை.

பிறகு சொல் மெல்ல மேலேறத் தொடங்கியது. ஆலயத்தில் சடங்கை நடத்துபவர் மினிஸ்டர் ஆனார். சீர்திருத்தக் காலத்துக்குப் பின், பூசாரித் தன்மையுள்ள பெயரை விரும்பாத சபைகள் தம் போதகரை அப்படியே அழைத்தன. மன்னனுக்கு ஏவல் செய்பவரும் அப்பெயரே பெற்றார். மன்னனின் ஏவலர் என்றால் நாட்டுக்கு எசமானர் அல்லவா? பதினேழாம் நூற்றாண்டுக்குள் ஆட்சித்துறையின் தலைவர் என்ற பொருள் ஆங்கிலத்தில் ஊன்றிவிட்டது. மந்திரி என்னும் சொல்லில் மந்திரமாகிய அறிவுரை இருக்கிறது. அமைச்சர் என்பதை வடமொழி அமாத்தியரிடமிருந்து வந்ததாகக் கொள்வாரும் உளர், அமை என்னும் தமிழ் வேரில் காண்பாரும் உளர். இரண்டிலும் சிறுமை இல்லை. பணிவைப் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்த மேலைச் சொல்தான் அதை முழுவதுமாக மறந்தது.

இந்த இடத்தில் எபிஸ்கோப்பல் என்னும் பெயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மினிஸ்ட்ரி மீண்டும் கீழிறங்கிய இடம் அச்சபை. எபி என்றால் மேல், ஸ்கோபோஸ் என்றால் பார்ப்பவன். மேலிருந்து பார்ப்பவனாகிய எபிஸ்கோபோஸ், முன்னும் பின்னும் தேய்ந்து ஆங்கிலத்தில் பிஷப் ஆனார். இச்சொல்லுக்குத் தமிழ் விவிலியம் கண்ட ஈடு கண்காணி. கண்ணும் காணுதலும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்க, கிரேக்கம் சொன்னதைத் தமிழ் இன்னும் அழுத்திச் சொன்னது. ஆங்கிலிக்க மரபினர் திருநெல்வேலியில் கால்டுவெல் போன்ற பிஷப்புகளைக் குறிக்க வழங்கிய அத்தியட்சர் என்பதும் அதே படம்: அதி என்பது மேல், அட்சம் என்பது கண். கண்காணி என்னும் தமிழ்ச் சொல்லோ இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்க் கூலியாட்களைத் திரட்டி மேய்க்கும் ஆளுக்குப் பெயராகி, பல குடும்பங்களின் நினைவில் கசப்பாய்த் தங்கிவிட்டது. இன்று தென்னிந்தியத் திருச்சபையார் பேராயர் என்கிறார்கள். அதில் ஆயன் இருக்கிறான், ஆடுகளும் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு விந்தை நடந்தது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய நாள் முதல் விடுதலைப் போர் வரையில், கண்காணியின் பெயரைத் தாங்கப்போகும் அந்தச் சபைக்கு அங்கே ஒரு கண்காணி கூடக் குடியிருக்கவில்லை. குருப்பட்டம் பெற விரும்பியவர் கப்பலேறி இங்கிலாந்து போக வேண்டும். போர் முடிந்து மன்னனுக்கு உறுதிமொழி கூற இயலாத நிலை வந்தபோது, சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அங்குள்ள பேராயர்கள் கையால் அபிஷேகம் பெற்றார். 1780இலேயே மேரிலாந்தில் கூடியவர்கள் தங்களைப் புராட்டஸ்டண்ட் எபிஸ்கோப்பல் சபை என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்; 1789இல் பிலடெல்பியாவில் சபையின் அமைப்புச் சட்டம் நிறைவேறியது. பிஷப் வருவதற்கு முன்பே பிஷப்பின் பெயரை வைத்துக்கொண்ட சபை அது.

கண் இல்லாத அந்த நெடுங்காலத்தில் சபையை நடத்தியது யார்? வெஸ்ட்ரி. இச்சொல்லைச் சற்று நிதானமாகத் தொட்டுப் பார்ப்போம், ஏனென்றால் அதில் நமக்கு மிகவும் பழக்கமான துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இலத்தீனில் வெஸ்திஸ் என்றால் உடை. வடமொழியின் வஸ்திரமும் அதுவும் ஒரே மூலத்தில் பிறந்தவை. உடை வைக்கும் அறை வெஸ்ட்ரி. குருவானவர் அங்கி மாற்றும் அந்த அறையில் ஊரார் கூடி ஆலயக் கணக்குப் பார்த்தார்கள். நாளடைவில் கூடுவோருக்கே அறையின் பெயர் ஒட்டிக்கொண்டது. மன்றம் என்னும் இடப்பெயர் அங்கு கூடும் அவைக்கும் ஆகி வந்ததைப் போன்ற ஆகுபெயர். வர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டுச் சட்டம் பங்குக்குப் பன்னிரண்டு பேர் என்று வரம்பு கட்டியது. குருவைத் தேர்ந்தெடுப்பது, ஏழைகளைப் பேணுவது, அனாதைப் பிள்ளைகளுக்கு வழி செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜார்ஜ் வாஷிங்டன் ட்ரூரோ பங்கின் வெஸ்ட்ரியில் இருந்தவர். அந்நாளில் அது நிலமும் செல்வமும் உடையோர் தமக்குள்ளே நிரப்பிக்கொண்ட அவை என்பதையும் மறைக்கக் கூடாது. இன்று ஆண்டுக் கூட்டத்தில் பங்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் சம்பளமில்லாத குழுவே வெஸ்ட்ரி. கூரை ஒழுகினாலும் குரு ஓய்வு பெற்றாலும் முதலில் கூடுவது அதுதான்.

பங்கு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். அதுவும் ஒரு பொதி. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் இச்சொல்லில் கூறு என்னும் பொருள் இருக்கிறது. நெல்லைச் சீமையில் ஆங்கிலிக்க வழி வந்தோர் சேகரம் என்பார்கள். சேர்த்துத் தொகுத்தது என்பது அதன் பொருள். ஆங்கிலப் பாரிஷின் மூலமான கிரேக்கப் பரோய்க்கியாவோ பரா, ஓய்க்கோஸ் என்னும் இரண்டால் ஆனது: அருகு, வீடு. ஊரில் உரிமையில்லாமல் அடுத்துக் குடியிருக்கும் வேற்றூரார் என்று அதற்குப் பொருள். உலகத்தில் நாம் தங்கிப் போகிறவர்கள் என்று எண்ணிய முற்காலக் கிறித்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், பின்னாளில் எல்லைக்கல் நட்ட நிலப்பரப்புக்குப் பெயரானது. வந்தேறிகளின் சொல் மண்ணின் மைந்தர்களின் சொல்லாக மாறிய கதை அது.

இப்போது மினிஸ்ட்ரியின் இறக்கம். எபிஸ்கோப்பல் சபையின் 1979ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் ஞானோபதேசப் பகுதி, திருச்சபையின் மினிஸ்டர்கள் யார் என்று ஒரு வினாவை எழுப்புகிறது. விடையில் நான்கு வகையினர் வருகிறார்கள்: பொதுநிலையினர், பேராயர், குரு, டீக்கன். வரிசையைக் கவனியுங்கள். பட்டம் பெறாத மக்கள் முதலில் நிற்கிறார்கள், மேலிருந்து பார்ப்பவர் அதற்கு அடுத்தே வருகிறார். பல நூற்றாண்டு மேடையில் நின்ற சொல்லை ஒரு வரிசைமாற்றத்தால் வாசலுக்கும் அடுக்களைக்கும் கொண்டுவந்து சேர்த்த அந்த விடையை நான் மொழிவரலாற்றின் நல்ல செயல்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன். அதற்கு முன்பும் அவர்கள் இவ்வேலைகளைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது அப்போதுதான்.

அந்த வேலைகளின் தனிப்பெயர்களும் பழமை மணக்கின்றன. செங்கோல் போன்ற சிறு கோலை ஏந்திப் பவனிக்கு முன்னே நடப்பவர் வெர்ஜர்; கோலைக் குறிக்கும் விர்கா என்னும் இலத்தீன் அதன் வேர். திருவிருந்துக் கிண்ணங்களைத் துலக்கி, வெண்துணிகளைக் கஞ்சியிட்டு மடித்து வைப்போர் ஆல்டர் கில்டு. அதிலுள்ள கில்டு, கட்ட வேண்டிய தொகை என்று பொருள்பட்ட செர்மானிய மொழிச் சொல். மெழுகுதிரி ஏந்தும் சிறார் அக்கோலைட்டுகள். இதில் சற்று நிற்க வேண்டும். கிரேக்க அக்கோலூத்தோஸில் முன்னுள்ள அகரம் உடன் என்பதையும், கெலெயுத்தோஸ் என்பது பாதையையும் குறிக்கின்றன: ஒரே வழியில் உடன் செல்பவன். நம் வழிபாடு என்னும் சொல்லைப் பிரியுங்கள். வழிப்படுதல், அதாவது ஒருவர் போன வழியைப் பின்பற்றுதல் என்பதிலிருந்து இறைவணக்கம் என்னும் பொருள் தமிழில் கிளைத்தது. ஏதென்சும் மதுரையும் தம்முள் கலந்து பேசாமலேயே, வணங்குதலைக் காலடிச் சுவட்டில் கண்டிருக்கின்றன.

வாசலில் நிற்பவர் அஷர். இலத்தீன் ஓஸ் என்றால் வாய். அதிலிருந்து ஓஸ்தியும் என்னும் கதவு. அதைக் காப்பவன் ஓஸ்தியாரியுஸ். பிரெஞ்சு நாவில் தேய்ந்து அஷர். வாயும் இல்லும் கூடி வாயில் ஆனதையும், வாயில் வாசல் என மருவியதையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு இரட்டிப்பு. வீட்டுக்கு வாய் உண்டு என்று இரு மொழியும் கண்டன. வாய் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். அமெரிக்க வரலாற்றில் அந்த இரண்டும் நடந்தன.

அப்சலோம் ஜோன்ஸ் 1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர், பின்னர் விடுதலை பெற்றவர். பிலடெல்பியாவின் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அவரை, கறுப்பருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போகச் சொல்லி ஆலயப் பொறுப்பாளர் ஒருவர் ஜெபம் முடியுமுன்பே இழுத்தெழுப்பினார். அவரும் தோழர்களும் அந்த ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த நகரத்தில் 1793இல் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, வசதியுள்ளோர் ஊரை விட்டு ஓடினர். ஜோன்சும் அவருடைய தோழர் ரிச்சர்டு ஆலனும் திரட்டிய கறுப்பினத் தொண்டர்கள் நோயாளிகளைப் பேணினார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். 1794இல் அவர் தலைமையில் எழுந்த புனித தோமா ஆலயம் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தது. 1795இல் ஜோன்சுக்கு டீக்கன் பட்டம் அளித்தார்கள். அந்தப் பங்கின் சார்பாளர்களுக்கோ மறைமாவட்டப் பேரவையில் பல்லாண்டுகள் இடம் தரப்படவில்லை. ஏவலுக்கு ஓடுபவன் என்னும் கிரேக்கச் சொல் டீக்கனாக அவருக்குச் சூட்டப்படுவதற்கு ஈராண்டு முன்பே, காய்ச்சல் பிடித்த தெருக்களில் அவர் அச்சொல்லின் பொருளாக நடந்திருந்தார். இன்று பிப்ரவரி 13ஐ அச்சபை அவருடைய நினைவுநாளாகக் கொண்டாடுகிறது.

தியாகோனோஸின் பந்திப்பொருள் உயிரோடு நடமாடும் ஓர் ஆலயத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் செல்சி வட்டாரத்தில் ஒன்பதாம் அவென்யூவில் நிற்கும் புனித அப்போஸ்தலர் ஆலயம் 1982இல் பசித்தோருக்கு மதிய உணவளிக்கத் தொடங்கியது. 1990இல் தீ விபத்தில் கூரை அழிந்தது. செப்பனிட்டபோது பழைய நீள இருக்கைகளை மீண்டும் பொருத்தாமல் விட்டார்கள். வேலை நாட்களில் ஆலயத்தின் நடுக்கூடத்திலேயே மேசைகள் விரிந்தன. நூற்றுக்கணக்கானோர் வந்து உண்ண, சபையாரும் சபைக்கு வெளியே உள்ளோருமாகத் தன்னார்வலர்கள் பரிமாறினார்கள். நடுக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் நேவ் என்று பெயர், கப்பலைக் குறிக்கும் நாவிஸ் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து. ஞாயிறன்று அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் அதே கூடத்தில் மற்ற நாளில் சூப்பும் ரொட்டியும். பணிவிடை என்பதற்கு முன் பரிமாறுதல் என்றே பொருள்பட்ட சொல், தன் முதல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

தொண்டு இருக்கும் இடத்தில் கூடியிருத்தலும் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபெல்லோஷிப். வடகடல் நாட்டாரின் பழைய மொழியில் ஃபே என்றால் கால்நடை, அதனால் செல்வம். லாக் என்பது இடுதல். தன் பொருளைப் பொதுவில் இட்டவன் ஃபெலாகி, அதாவது கூட்டாளி. இந்த ஃபேயும், இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியாவுக்கு அடியான பெக்குவும், வடமொழிப் பசுவும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். மாடு என்னும் சொல்லைச் செல்வம் என்ற பொருளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் ஆண்டிருப்பதை நினைத்துக்கொண்டால், தொழுவத்திலிருந்து கருவூலத்துக்குச் சொற்கள் நடக்கும் பாதை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று தெரியும். பதினாறாம் நூற்றாண்டில் விவிலியத்தை ஆங்கிலமாக்கிய டிண்டேல், கூடிப் பகிர்தலைக் குறிக்கும் கிரேக்கக் கொய்னோனியாவுக்கு இந்தச் சொல்லை வைத்தார். உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்ந்த முதல் சபையைக் குறிக்க, பொருளைப் பொதுவில் இடுதல் என்னும் வேருள்ள சொல் வாய்த்தது எத்தனை பொருத்தம்! நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே அந்நியோந்நியம் இருக்கிறது, வேறிடங்களில் ஐக்கியம் இருக்கிறது. முன்னது ஒருவருக்கொருவர் என்கிறது, பின்னது ஒன்றாதல் என்கிறது. இரண்டும் வடமொழி, இரண்டும் நல்லவை, பொருளைப் பகிர்தல் மட்டும் இரண்டிலும் இல்லை.

எபிஸ்கோப்பல் பங்கில் ஃபெல்லோஷிப் நடக்கும் பெரும்பொழுது, ஆராதனை முடிந்த பின் வரும் காபி நேரம். புதிதாக வந்தவர் பெயர் சொல்லிப் பழகுவதும், வேலை இழந்தவர் நிலை தெரியவருவதும், அடுத்த வாரத் தொண்டுக்கு ஆள் கிடைப்பதும் அங்கேதான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய் இரவில் பான்கேக் விருந்து. நோன்பு தொடங்குமுன் வீட்டிலுள்ள கொழுப்பையும் முட்டையையும் தீர்த்துவிடும் பழைய வழக்கம். நோன்பு நாட்களைக் குறிக்கும் லெண்ட், பகல் நீளும் இளவேனிற்பருவத்தின் பெயர். தமிழ்ச் சீர்திருத்த சபையார் லெந்து நாள்கள் என்று அதைத் தமிழாக்கிக்கொண்டார்கள், காதுக்கு எத்தனை இனிமை! ஒவ்வொருவரும் ஒரு கறி கொண்டுவந்து கூடி உண்ணும் பாட்லக்குக்கு நம்மிடம் ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது: கூட்டாஞ்சோறு. நெல்லைச் சீமைக் கோயில்களில் ஊரே பந்தியில் அமரும் அசனம் அதன் பெரிய அண்ணன். அசனம் என்றால் வடமொழியில் உண்ணுதல்; ஆனால் அசனச் சோறு என்னும்போது அந்த ஊர்க்காரர் நாவில் ஊறும் நீர் தமிழ்தான்.

கடைசியாக, மினிஸ்ட்ரிக்குத் தமிழ் என்ன? சீர்திருத்த சபைகள் ஊழியம் என்றன. முன்னாளில் திருவிதாங்கூரில் ஊழியம் என்றாலே அரசுக்கும் கோயிலுக்கும் எளிய சாதியார் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ அங்கே ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்தபோது, கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையிலிருந்து விலக்குக் கிடைத்தது. தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழரோ, முதுகை வளைத்த அதே சொல்லைத் தம் விருப்பத்தால் செய்யும் இறைபணிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்த நெஞ்சுரத்துக்காக அச்சொல்லை மதிக்கிறேன்.

ஆயினும் என் வாக்கு தொண்டுக்கு. இலத்தீன் அளவில் சிறியவன் என்றது. தமிழ் இடத்தில் தாழ்ந்து அடியார் என்றது, அந்த அடியார் செய்வதைத் தொண்டு என்றது. சேக்கிழார் தம் காப்பியத்துக்கு வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். மக்கள்தாம் பெரியபுராணம் என்று அழைத்தார்கள், தொண்டரைப் பெரியவர் என்று கண்டதனால். தமிழ்க் கத்தோலிக்கர் டீக்கனைத் திருத்தொண்டர் என்கிறார்கள். சைவமும் கிறித்தவமும் ஒரே சொல்லைக் கைமாற்றிக்கொண்டதில் தமிழுக்குப் பெருமை. தன்னார்வலர் என்பதும் குறைந்ததல்ல, அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த ஆர்வலர் அதற்குள் இருக்கிறார். மேலைச் சொல்லான வாலண்டியரில் உள்ளது மனத்தின் துணிவு, நம் சொல்லில் உள்ளது அன்பு. எனவே நண்பர்களே, எங்கோ ஒரு பங்கில் காபி கலப்பவரையும் பூ அடுக்குபவரையும் பந்தி பரிமாறுபவரையும் பற்றித் தமிழில் எழுத நேர்ந்தால், மினிஸ்ட்ரி என்று எழுத்துப்பெயர்த்து விட்டுவிடாதீர்கள். தொண்டு என்று எழுதுங்கள், செய்பவரைத் தொண்டர் என்று அழையுங்கள், கட்சிக் கொடிகளுக்கு மட்டும் அச்சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள்.